சுப்பர் மார்க்கட் விரிவாக்கம்: தொழிற்சங்கத்துக்கு இதில் என்ன வேலை?

நமது நகரத்தின் பிரதான வீதியில் உள்ள பெரிய சுப்பர் மார்க்கட்டை விரிவாக்குவதற்கான விண்ணப்பம் பிரதேச சபைக்கு வந்திருக்கிறது. கட்டடத்தைப் பின்பக்கமாக நீட்டி, மேலே ஒரு மாடி எழுப்பி, பின்னால் உள்ள சரிவு நிலத்தை வெட்டி வாகனத் தரிப்பிடம் அமைப்பது அவர்களின் திட்டம். அந்தச் சரிவு இன்றைக்கு வதிவிட வலயமாக இருக்கிறது. அதை வர்த்தக வலயமாக மாற்றித் தரும்படியும் கேட்டிருக்கிறார்கள். சரிவுக்குக் கீழே நமது அங்கத்தவர்கள் குடியிருக்கும் லயங்கள் இருக்கின்றன. கடைக்கு முன்னால், வீதியோரத்தில், நமது பெண்கள் மரக்கறி விற்கும் தகரக் கொட்டில்கள் இருக்கின்றன.

இந்தச் செய்தியைத் தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் எடுத்தபோது ஒரு தோழர் நேரடியாகவே கேட்டார்: "இது சம்பளப் பிரச்சினையா சேர்? கடை பெருசானா நமக்கு நல்லதுதானே. சங்கத்துக்கு இதுல என்னா வேலை?"

கேள்வி நியாயமானது. மாதம் தவறாமல் சந்தா கட்டுகிறவர், தனது சங்கம் எதில் நேரத்தைச் செலவழிக்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். அவருக்கு அன்று சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரிவாக எழுதுகிறேன். கடை பெரிதாவதை நாம் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது எந்த நிலத்தில், எந்த நிபந்தனையோடு பெரிதாகிறது என்று தீர்மானிக்கும் இடத்தில் நமது குரல் கேட்க வேண்டும். அதுவும் அனுமதி கையொப்பமாகுமுன் கேட்க வேண்டும். பெக்கோ இயந்திரம் வந்து இறங்கிய பிறகு பதாகை பிடித்து எவ்வளவு நேரம் நின்றாலும் மண் திரும்பி மேலே போகாது.

கடைக்கு நாம் எதிரிகளா?

இல்லை. அதை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நமது மக்கள் சுப்பர் மார்க்கட்டுக்குப் போவதற்குக் காரணம் இருக்கிறது. அங்கே பொருளில் விலை ஒட்டியிருக்கும். கையில் பில் தருவார்கள். பால்மா பக்கற்றில் காலாவதித் திகதியைத் திருப்பிப் பார்த்தால் யாரும் முறைக்க மாட்டார்கள். ஆளைப் பார்த்து விலை சொல்லும் பழக்கம் அங்கே இல்லை. கொழுந்துக்கூடை சுமந்த தோளோடு உள்ளே போகிற அக்காவும், துரை வீட்டு அம்மாவும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆவதற்கு 2021 வரை போராடினோம். 2024 செப்டம்பரில்தான் அது 1,350 ரூபாயானது. இப்படிப் போராடி வாங்கும் சம்பளத்தில் அரிசி கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைவு என்றால் அது சிறிய விடயமல்ல.

ஆனால் கணக்கின் அடுத்த பக்கத்தையும் பார்க்க வேண்டும். சம்பளம் பத்தாம் திகதி. மாதக் கடைசியில் கையில் காசு இல்லாதபோது எந்த சுப்பர் மார்க்கட்டும் கடன் கொப்பியில் எழுதிக்கொண்டு மாவும் பருப்பும் தருவதில்லை. தோட்டத்துச் சந்தியில் இருக்கும் சின்னக் கடைதான் தருகிறது. அங்கே விலை கூட என்பது உண்மை. சில முதலாளிமார் கொப்பியில் கூட்டி எழுதுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனாலும் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த இரவில் கதவைத் தட்டினால் திறப்பது அந்தக் கடைதான். காசு கையில் இருக்கும் நாட்களில் எல்லோரும் நகரத்துக்குப் போய் வாங்கி, காசு இல்லாத நாட்களில் மட்டும் சின்னக் கடைக்கு வந்தால், அந்தக் கடை எத்தனை நாள் தாக்குப் பிடிக்கும்?

வீதியோரக் கொட்டில்களின் கதையும் இதுதான். அங்கே லீக்ஸும் கீரையும் பேரிக்காயும் விற்பவர்களில் பலர் தோட்டத்தில் பென்சன் எடுத்த பெண்கள். லயத்துக்குப் பின்னால் உள்ள துண்டு நிலத்தில் விளைந்ததைக் கொண்டுவந்து விற்கிறார்கள். பெரிய கடைக்கு வேண்டியது ஒரே அளவில், தரம் பிரித்த, தினமும் தவறாமல் வருகிற லொறி லோட். சாக்கில் பதினைந்து கிலோ போஞ்சி கொண்டுபோகிற ஒருவரிடம் அவர்கள் வாங்கப் போவதில்லை.

இன்னொரு பக்கமும் எனக்குத் தெரியும். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்த எனது மாணவிகள் சிலர் இன்று அந்தக் கடையில் காசாளர்களாக இருக்கிறார்கள். கொழும்புக்குப் போய்த் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பாதிச் சம்பளத்தைக் கொடுப்பதைவிட, வீட்டிலிருந்து போய்வரும் வேலை நல்லதுதான். கடை பெரிதானால் இன்னும் சிலருக்கு வேலை கிடைக்கலாம். ஆகவே "வேண்டாம்" என்று ஒற்றைச் சொல்லில் சொல்ல நம்மால் முடியாது. "வரட்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டிருக்கவும் முடியாது.

இரண்டு கேள்விகள், இரண்டு மேசைகள்

அங்கத்தவர்கள் முதலில் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டிய விடயம் ஒன்று உண்டு. கட்டடத்தை நீட்டுவது ஒரு கேள்வி. நிலத்தின் வலயத்தை மாற்றுவது வேறொரு கேள்வி. இரண்டும் ஒரே கோப்பில் வந்தாலும் தீர்மானிக்கும் இடங்கள் வேறு.

நகர அபிவிருத்தி அதிகார சபை 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குகிறது. அந்தச் சட்டத்தின்கீழ் அபிவிருத்திப் பகுதியாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடத்தில் கட்டடம் எழுப்பவோ, நிலத்தின் பயன்பாட்டை மாற்றவோ அபிவிருத்தி அனுமதிப்பத்திரம் வேண்டும். அனுமதி வழங்கும் வேலையின் ஒரு பகுதி உள்ளூராட்சிச் சபைகளுக்குக் கையளிக்கப்பட்டிருக்கிறது. சபையில் ஒரு திட்டமிடல் குழு கூடும். தவிசாளர், செயலாளர், அதிகார சபையின் அதிகாரி, தொழில்நுட்ப உத்தியோகத்தர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் போன்றோர் அதில் இருப்பார்கள். வரைபடத்தைப் பார்ப்பது, இடத்தைப் போய்ப் பார்ப்பது, நிபந்தனை போடுவது எல்லாம் இந்தக் குழுவின் வேலை. கட்டி முடித்த பிறகு, அனுமதித்தபடிதான் கட்டப்பட்டதா என்று பார்த்து இணக்கச் சான்றிதழ் கொடுப்பதும் இந்த ஒழுங்கில் அடங்கும். முதல் மேசை இது.

வலயம் என்பது அபிவிருத்தித் திட்டத்தில் வருவது. அந்தத் திட்டத்தை நகர அபிவிருத்தி அதிகார சபை தயாரிக்கிறது, அமைச்சர் அங்கீகரிக்கிறார், வர்த்தமானியில் வெளியாகிறது. ஆகவே வதிவிட வலயத்தை வர்த்தக வலயமாக மாற்றுவது பிரதேச சபை தனியாக முடித்துவிடும் காரியம் அல்ல. ஆனால் சபையின் நிலைப்பாடு அங்கே போகும். "இந்த மாற்றத்துக்கு உள்ளூரில் எந்த ஆட்சேபனையும் இல்லை" என்று ஒரு வரி எழுதப்பட்டுப் போனால், கொழும்பில் இருக்கும் அதிகாரிக்கு நமது லயங்கள் கண்ணில் படாது. வரைபடத்தில் லயம் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் எத்தனை குடும்பம் என்று வரைபடம் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

நிலம் தோட்டத்துக்குச் சொந்தமானதாக இருந்தால் இன்னொரு கேள்வியும் எழும். நமது தோட்டங்களில் பெரும்பாலானவை அரசின் நிலங்கள். 1992இல் கம்பனிகளுக்கு முகாமைத்துவத்துக்குக் கொடுக்கப்பட்டு, பின்னர் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டவை. பெரிய தேயிலைத் தோட்டங்களைத் துண்டு போடுவதைக் கட்டுப்படுத்த 1958ஆம் ஆண்டிலிருந்து ஒரு சட்டமும் இருக்கிறது. சரிவு நிலம் யாருடையது, குத்தகைக்குள் வருகிறதா, விற்றது யார், துண்டாட அனுமதி பெறப்பட்டதா என்று கேட்பது நமது உரிமை. ஒரு குடும்பத்துக்கு ஏழு பேர்ச் நிலம் கேட்டு எத்தனை ஆண்டுகளாக எத்தனை கந்தோர்ப் படிகளில் ஏறி இறங்கினோம்? வீட்டுக்கு நிலம் கேட்டால் "இது தேயிலை நிலம், தொட முடியாது" என்கிறார்கள். அதே சரிவு வாகனத் தரிப்பிடத்துக்கு எவ்வளவு விரைவில் கிடைக்கிறது என்பதை இந்தக் கோப்பில் பார்த்துவிடலாம்.

இந்த மேசைக்கு நாம் எப்போது வந்தோம்?

"சபை விடயம் நமக்கெதற்கு" என்ற எண்ணம் நம்மிடம் தானாக முளைத்தது அல்ல. அது சட்டத்தால் ஊட்டப்பட்டது. 1930களில் கிராமச் சபைகளுக்கான வாக்குரிமை பேசப்பட்டபோது, தோட்டத்தில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தொழிலாளி வெளியே நிறுத்தப்பட்டார். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் நாட்டிலேயே இடமில்லை என்றது. பின்னர் வாக்கு திரும்பி வந்தது. ஆனால் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோதும், அதன் 33ஆம் பிரிவு தோட்டத்து வாசலில் தடையாக நின்றது. வாக்குக் கேட்டு உறுப்பினர் தோட்டத்துக்குள் வரலாம். வென்ற பிறகு சபைப் பணத்தில் ஒரு பாதை போட்டுத் தர வர முடியாது என்ற நிலை அது. லயத்துப் பாதைக்கும் கானுக்கும் மனுக் கொடுத்தால் "தோட்டம் தனியார் பகுதி, துரையிடம் கேளுங்கள்" என்ற பதிலைக் கேட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது.

2018இல்தான் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்டப் பகுதிகளுக்கும் பிரதேச சபைகள் சேவை செய்யலாம் என்ற நிலை வந்தது. அதே ஆண்டில் அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு மஸ்கெலியா, நோர்வூட், கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று புதிய சபைகளும் தேர்தலைச் சந்தித்தன. இதற்காக நமது தொழிற்சங்கங்களும் சிவில் அமைப்புகளும் பல ஆண்டுகள் குரல் கொடுத்தன. அப்படிக் கேட்டு வாங்கிய உரிமையைத் தெருவிளக்குக்கும் பாதைக்கும் மட்டும் பயன்படுத்திவிட்டு, நிலத்தின் பயன்பாடு தீர்மானிக்கப்படும்போது வீட்டில் இருந்தால் அது அரை உரிமைதான்.

1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் முகப்பிலேயே, உள்ளூர் நிர்வாகத்திலும் அபிவிருத்தியிலும் தீர்மானம் எடுப்பதில் மக்களுக்குக் கூடுதல் வாய்ப்பு அளிப்பது நோக்கமாகக் கூறப்பட்டிருக்கிறது. சபை தனது குழுக்களில் உறுப்பினர் அல்லாத பிரதேசவாசிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். எத்தனை சபைகளில், எத்தனை குழுக்களில், ஒரு கொழுந்து பறிக்கும் பெண் உட்கார்ந்திருக்கிறார் என்று விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

வரைபடத்தில் ஒரு கோடு

வலய வரைபடம் என்பது வெறும் கடதாசி என்று நினைப்பவர்களுக்காக வெளிநாட்டு அனுபவங்கள் இரண்டைச் சொல்கிறேன். இரண்டும் உலகின் மிகப் பெரிய சில்லறை வியாபார நிறுவனமான வோல்மார்ட் சம்பந்தப்பட்டவை.

மெக்சிக்கோவில் தியோத்திவாக்கான் என்ற ஊரில் பழைமையான பிரமிட்டுகள் இருக்கின்றன. அங்கே அந்த நிறுவனத்தின் கடையொன்று 2004 நவம்பரில் திறக்கப்பட்டது. சந்தை வியாபாரிகளும் ஆசிரியர்களும் ஊர்மக்களும் எதிர்த்துப் போராடினார்கள். கடை நின்றுவிடவில்லை. எட்டு ஆண்டுகள் கழித்து, 2012 டிசம்பரில், நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை தனது புலனாய்வை வெளியிட்டது. கடை கட்டப்பட்ட அந்த வயலில் வர்த்தகக் கட்டடத்துக்கு வலய வரைபடம் இடம் கொடுக்கவில்லை என்றும், வரைபடம் அரச பத்திரிகையில் வெளியாகுமுன் 52,000 டொலர் லஞ்சம் கொடுத்து அது மாற்றப்பட்டது என்றும் அந்தச் செய்தி கூறியது. அந்தப் புலனாய்வுக்கு 2013இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. மெக்சிக்கோ, பிரேசில், இந்தியா, சீனா ஆகிய நாடுகளில் லஞ்சத்தைத் தடுக்கப் போதிய ஒழுங்குகள் இல்லாமல் இயங்கியது தொடர்பான விசாரணைகளை முடித்துக்கொள்ள, 2019இல் அந்த நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 28 கோடி டொலருக்கு மேல் செலுத்தியது. பணம் அமெரிக்க அரசுக்குப் போனது. தியோத்திவாக்கான் வியாபாரிகளுக்கு என்ன கிடைத்தது?

இரண்டாவது அனுபவம் அமெரிக்காவிலேயே நடந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் அருகே இங்கிள்வூட் என்ற நகரம். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் பெரும்பான்மையாக வாழும் இடம். சுமார் 60 ஏக்கரில் பெரிய கடைத்தொகுதி ஒன்றைக் கட்ட நிறுவனம் விரும்பியது. நகரசபை இணங்கவில்லை. கையொப்பம் திரட்டி, விடயத்தை நேரடியாக வாக்கெடுப்புக்குக் கொண்டுபோனார்கள். வாக்கெடுப்பில் வென்றால் பகிரங்க விசாரணையும் சுற்றாடல் மதிப்பீடும் இல்லாமலேயே கட்டிக்கொள்ளலாம் என்பது அந்தப் பிரேரணை. தொழிற்சங்கங்களும் தேவாலயங்களும் வீடு வீடாகப் போயின. 2004 ஏப்ரல் 6ஆம் திகதி நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 60 வீதமானோர் பிரேரணையை நிராகரித்தார்கள். அவர்களில் பலருக்கு மலிவு விலைக் கடை தேவைப்பட்டிருக்கும். ஆனால் பரிசீலனையே இல்லாமல் கட்ட விடமாட்டோம் என்று தீர்மானித்தார்கள்.

நமது சபையில் யாரும் லஞ்சம் வாங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. அதற்கு எந்த ஆதாரமும் என்னிடம் இல்லை. நான் சொல்வது வேறு. வரைபடத்தில் ஒரு கோட்டை நகர்த்தினால் நிலத்தின் பெறுமதி பல மடங்கு மாறுகிறது. அப்படிப்பட்ட கோடு பகிரங்கமாக, எல்லோரும் பார்க்க, காரணம் எழுதப்பட்டு நகர்த்தப்பட வேண்டும். அப்படிச் செய்தால் நேர்மையான அதிகாரிக்கும் அது பாதுகாப்பு.

சரிவுக்குக் கீழே இருப்பவர்கள்

இந்த விண்ணப்பத்தில் நமக்கு மிகவும் நெருக்கமான ஆபத்து மண்ணும் தண்ணீரும்தான். மீரியபெத்தயை நாம் மறக்க முடியாது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மலைகள் சரிந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். இன்னும் உறவினர் வீட்டுத் திண்ணையில் படுத்திருப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

சரிவை வெட்டி, கொங்கிரீட் போட்டு, வாகனம் நிறுத்தும் தளம் அமைத்தால், முன்பு மண் குடித்த மழைத்தண்ணீர் ஒரே பக்கமாக ஓடும். எந்தப் பக்கம்? கானின் அகலம் எவ்வளவு? அது எங்கே போய்ச் சேருகிறது? தாங்குசுவர் எத்தனை அடி? வெட்டிய மண்ணை எங்கே கொட்டுவார்கள்? மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் கட்ட தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் சிபாரிசு வேண்டும். அந்த அறிக்கையில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். அதை விண்ணப்பதாரர் படித்தால் போதாது. கீழே படுத்துத் தூங்குகிறவர்களும் படிக்க வேண்டும், தமிழில் படிக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999இலேயே இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டவை. உயிர் சம்பந்தப்பட்ட ஓர் அறிக்கை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால், அந்தப் பிரகடனத்தால் நமக்கு என்ன பயன்?

எதை எங்கே கேட்பது?

கோபம் நியாயமாக இருந்தாலும், தவறான கந்தோரில் கேட்டால் மனுக் குப்பைக்கூடைக்குப் போகும். திட்டமிடல் குழு நிலத்தையும் கட்டடத்தையும் பற்றி நிபந்தனை போடலாம். சம்பளத்தை அது தீர்மானிக்க முடியாது. ஆகவே கோரிக்கைகளைப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

திட்டமிடல் குழுவிடம் கேட்க வேண்டியவை: மண்சரிவு அறிக்கையைத் தமிழில் காட்சிப்படுத்துவது, தாங்குசுவரும் கானும் முதலில் கட்டப்பட்டு, பரிசோதிக்கப்பட்ட பிறகே தளம் போடுவது, சாமான் லொறிகள் பாடசாலை தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் வராதிருப்பது, தோட்டத்து பஸ் நிற்கும் தரிப்பிடம் வாகன வாசலுக்காகப் பறிபோகாதிருப்பது, கட்டி முடித்தபின் நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டும் இணக்கச் சான்றிதழ் வழங்குவது.

சபையிடம் கேட்க வேண்டியவை: வீதியோர வியாபாரிகளை விரட்டுவதற்கு முன்னர் அவர்களின் பெயர்ப்பட்டியலை எடுத்து, அதே வீதியில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில், கூரையும் தண்ணீரும் உள்ள கடைகளைக் கொடுப்பது. ஆள் போகாத மூலையில் கட்டிக் கொடுத்த சந்தைக் கட்டடங்கள் ஆடு படுக்கும் இடமாக மாறியதை நாம் பார்த்திருக்கிறோம். வலய மாற்றம் பற்றிய சபையின் சிபாரிசை மாதாந்தக் கூட்டத்தில், எல்லா உறுப்பினர்களுக்கும் முன்னால் விவாதித்து, பெயர் சொல்லி வாக்களித்துத் தீர்மானிக்கவும் வேண்டும்.

தொழில் திணைக்களத்திடமும் முதலாளியிடமும் கேட்க வேண்டியவை: கடை ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் இருக்கிறது. நாளுக்கு எட்டு மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம். அதற்கு மேல் வேலை என்றால் மேலதிகக் கொடுப்பனவு. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதம், முதலாளி 12 வீதம். நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். இடையில் ஆள் பிடித்துக் கொடுக்கும் மேன்பவர்காரர் இருந்தால் இந்தப் பணம் யார் பெயரில், எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்கே தெரிவதில்லை. நியமனக் கடிதம் உண்டா, இரவு கடை பூட்டியபின் வீட்டுக்குப் போக வாகனம் உண்டா, நாள் முழுக்க நிற்கிறவருக்கு உட்கார ஒரு கதிரை உண்டா என்று கேட்பதும் தொழிற்சங்க வேலைதான். தேயிலைத் தோட்டத்தில் தாய் அங்கத்தவர் என்றால், சுப்பர் மார்க்கட்டில் நிற்கும் மகளும் ஒரு தொழிலாளிதான். அவளுக்கு ஒரு சங்கம் வேண்டும்.

"முதலீடு ஓடிவிடும்" என்பவர்களுக்கு

இப்படிக் கேட்டால் முதலீட்டாளர் வேறு நகரத்துக்குப் போய்விடுவார் என்று சில உறுப்பினர்கள் சொல்வார்கள். ஒரு கான், ஒரு தாங்குசுவர், ஒரு பஸ் தரிப்பிடம் கேட்டதற்காக ஓடிப்போகிற முதலீடு என்றால், அது முதலிலேயே நமது தலைமேல் கட்டப்படவிருந்தது என்று அர்த்தம். கடைக்காரர் கணக்குப் பார்த்துத்தான் வருகிறார். நமது பத்தாம் திகதிச் சம்பளத்தை நம்பித்தான் மாடி எழுப்புகிறார். வாடிக்கையாளராக நம்மை எண்ணுகிறவர், அயலவராகவும் நம்மை எண்ணட்டும்.

"இதில் அரசியல் வேண்டாம்" என்றும் சொல்வார்கள். எந்தக் கட்சி சபையை ஆண்டாலும் இந்தக் கேள்விகள் மாறாது. நமது சங்கத்தின் ஆதரவோடு வென்ற உறுப்பினர் அங்கே இருந்தால், முதலில் கேள்வி கேட்கப்பட வேண்டியவர் அவர்தான்.

இனிச் செய்ய வேண்டியது

ஒன்று, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச சபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் கொடுப்போம். தமிழில் எழுதலாம். ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. பதினான்கு வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு. அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. விண்ணப்பமும் வரைபடமும், மண்சரிவு அறிக்கையும், நிலத்தின் உரிமைப் பத்திரமும், வலய மாற்றம் பற்றிய கடிதங்களும் வேண்டும் என்று தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும். "எல்லா விபரமும்" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதிலே வரும்.

இரண்டு, சரிவுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு லயத்திலும் குடும்ப எண்ணிக்கை, பிள்ளைகள், முதியவர்கள், நடக்க முடியாதவர்கள் என்று ஒரு பட்டியல் தயாரிப்போம். இருக்கும் கானை அளந்து படம் எடுப்போம். மழை நாளில் தண்ணீர் எந்த வாசல்வரை வருகிறது என்பதைத் திகதியோடு எழுதுவோம். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இதைச் செய்யக்கூடியவர்கள். அவர்களுக்கு இது நல்ல பாடமும்கூட.

மூன்று, வீதியோர வியாபாரிகளையும் சந்திக் கடைக்காரர்களையும் ஒரே கூட்டத்துக்கு அழைப்போம். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அங்கே கடை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் யார் வீட்டு வாசல் என்று பார்த்து நுழைவதில்லை. இந்த மனுவிலும் எல்லோருடைய கையொப்பமும் இருக்க வேண்டும்.

நான்கு, மாதர் சங்கத் தலைவிகள் முன்னுக்கு வர வேண்டும். கொட்டிலில் விற்பதும் பெண்கள், கடன் கொப்பியைச் சமாளிப்பதும் பெண்கள், காசாளராக நிற்பதும் பெண்கள். சபைக்குப் போகும் குழுவில் ஆண்கள் மட்டும் வெள்ளைச் சட்டையோடு போய் நின்றால் பாதிக் கதைதான் சொல்லப்படும்.

கூட்டத்தில் கேள்வி கேட்ட தோழருக்கு மறுபடி சொல்கிறேன். சம்பளம் என்பது கையில் வாங்கும் காசு மட்டுமல்ல. அந்தக் காசில் எந்தக் கடையில் என்ன வாங்க முடியும், அதை எடுத்துக்கொண்டு எந்த பஸ்ஸில் ஏற முடியும், வந்து படுக்கும் கூரைமேல் மண் விழாமல் இருக்குமா என்பதும் சம்பளத்தோடு சேர்ந்ததுதான். தகவல் விண்ணப்பத்தின் பிரதி சங்கக் காரியாலயத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொழுந்து இல்லாத நேரத்தில் வந்து பார்த்து, உங்கள் லயத்தின் பட்டியலையும் கொண்டுவந்து கொடுங்கள்.